தோற்றவர்கள் வைத்த கணக்கு

 

விழா மேடைகளில் வென்றவர்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். மாலையும் வாழ்த்தும் அவர்களுக்கே உரியன. எனக்குத் தரப்பட்டிருக்கும் சிறிது நேரத்தில் நான் தோற்றவர்களைப் பற்றிப் பேச எண்ணுகிறேன். அதிலும், ஒரு பெருநகரத்தின் மேயர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றவர்களைப் பற்றி. அந்நகரம் சிகாகோ.

சிகாகோ என்றவுடன் 1893ஆம் ஆண்டின் உலகச் சமய மாநாடும் விவேகானந்தர் உரையும் சிலர் நினைவுக்கு வரும். 1886ஆம் ஆண்டில் எட்டு மணி நேர வேலை கேட்டுத் தொழிலாளர் நடத்திய கிளர்ச்சியும், அதன் வழியே வந்த மே தினமும் வேறு சிலர் நினைவுக்கு வரும். நான் சொல்லப்போவது அதே நகரத்தின் மற்றொரு வரலாறு. அந்நகரம் தோன்றுவதற்கு முன்பே அந்த ஆற்றங்கரையில் குடியேறி வாணிகம் செய்த டு சாபிள் என்பவர் கறுப்பினத்தவர். 1837இல் சிகாகோ நகரமாக அமைந்தது. அன்று தொட்டு 1983 வரை, ஏறத்தாழ நூற்று நாற்பத்தாறு ஆண்டுகள், வாக்காளர் தேர்ந்தெடுத்த மேயராகக் கறுப்பினத்தவர் ஒருவரும் அமர்ந்ததில்லை. 1980ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நகர மக்கள் சுமார் 30 இலட்சம். அவர்களுள் நூற்றுக்கு நாற்பதின்மர் அளவில் கறுப்பின மக்கள். தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளை விட்டு, பிழைப்புத் தேடி இரயிலேறி வந்தவர்களும், அவர்தம் மக்களும் பேரமக்களும் அவர்கள்.

இத்தனை பேர் இருந்தும் ஏன் முடியவில்லை? எண்ணிக்கை மட்டும் அதிகாரம் ஆகிவிடாது என்பதுதான் விடை. சிகாகோ மாநகராட்சி 50 வட்டங்கள் கொண்டது. ஒவ்வொரு வட்டமும் பல வாக்குச் சாவடிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் ஜனநாயகக் கட்சியின் சாவடித் தலைவர் ஒருவர். வேலை வேண்டுமா, குப்பை அள்ள வேண்டுமா, அரசுக் குடியிருப்பில் வீடு வேண்டுமா, அவரைத்தான் பார்க்க வேண்டும். தேர்தல் வந்தால் அவர் வீடு வீடாக வந்து வாக்கைக் கேட்பார். அவர் தம் பகுதியின் வாக்குகளைக் கொண்டுவந்து சேர்த்தால் அவருடைய நகராட்சி வேலை நிலைக்கும், சேர்க்காவிட்டால் நிலைக்காது. 1955 முதல் 1976 டிசம்பரில் மறையும் வரை மேயராக இருந்த ரிச்சர்ட் ஜே. டேலி, அக்கட்சியின் மாவட்ட அமைப்புக்கும் தலைவர். ஆட்சிச் சாவியும் கட்சிச் சாவியும் ஒரே கையில் இருந்தன. கறுப்பின வட்டங்களின் வாக்குகளும் அந்தக் கைக்கே ஆண்டுதோறும் போய்ச் சேர்ந்தன.

அத்தகைய டேலியை எதிர்த்து 1967இல் டிக் கிரிகரி நின்றார். அவர் நகைச்சுவைக் கலைஞர். குடியுரிமைப் போராட்டங்களில் சிறை சென்றவர். வாக்குச் சீட்டில் அவர் பெயர் அச்சிடப்படவில்லை. வாக்காளர்களே அவர் பெயரைக் கையால் எழுதி வாக்களிக்க வேண்டும். முடிவு என்னவாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1975இல் மாநில மேலவை உறுப்பினரான ரிச்சர்ட் நியூஹவுஸ் நின்றார். ஜனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் மேயர் பதவிக்குப் போட்டியிட்ட முதல் கறுப்பினத்தவர் அவரே. அவருக்குக் கிடைத்தது நூற்றுக்கு எட்டு என்ற அளவிலான வாக்கு.

முதனிலைத் தேர்தல் என்பதைச் சற்று விளக்குகிறேன். கட்சியின் வேட்பாளர் யார் என்பதைத் தலைவர்கள் அறைக்குள் முடிவு செய்யாமல், வாக்காளர்களே வாக்களித்து முடிவு செய்வது அது. 1927க்குப் பிறகு சிகாகோவில் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த எவரும் மேயர் தேர்தலில் வென்றதில்லை. ஆகவே ஜனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் வென்றவர் மேயராகிவிட்டார் என்றே அந்நாளில் கொள்ளப்பட்டது.

கிரிகரியும் நியூஹவுசும் வெல்வோம் என்று நம்பி நின்றவர்கள் என்று எவரும் சொல்லார். ஆயினும் அவர்கள் செய்தது வீண்வேலை அன்று. ஒரு நாற்காலி நமக்கும் உரியது என்பதை ஒருவர் வாய்விட்டுச் சொல்லும்வரை, மற்றவர்கள் அதை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. முதலில் கேட்பவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் நகைப்பே. அந்த நகைப்பைத் தாங்கிக்கொள்ளவும் ஒருவர் வேண்டும்.

டேலி மறைந்தபோது நகர மன்றத்தின் இடைக்காலத் தலைவராக இருந்தவர் வில்சன் ஃபிராஸ்ட் என்னும் கறுப்பின உறுப்பினர். புதிய மேயர் தேர்ந்தெடுக்கப்படும் வரை தாமே பொறுப்பு மேயர் என்று அவர் உரிமை கோரினார். கட்சியின் பெரிய தலைகள் இணங்கவில்லை. மன்றம் மைக்கேல் பிலாண்டிக் என்பவரைப் பொறுப்பு மேயராக்கியது. ஃபிராஸ்டுக்கு நிதிக் குழுத் தலைமை தரப்பட்டது. அவரும் அதை ஏற்றுக்கொண்டார்.

1977 ஏப்ரலில் நடந்த சிறப்பு முதனிலைத் தேர்தலில் மற்றொருவர் எதிர்த்து நின்றார். அவர்தாம் ஹெரால்ட் வாஷிங்டன். 1922இல் சிகாகோவிலேயே பிறந்தவர். டு சாபிள் பெயரைத் தாங்கிய பள்ளியில் பயின்றவர். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் பகுதியில் பணியாற்றித் திரும்பி, கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பட்டம் பெற்றவர். அவர் தந்தையார் வழக்கறிஞர், கட்சியின் சாவடித் தலைவர். 1947இல் நகர மன்றத்திற்கு நின்று தோற்றவர். மகன் 1965 முதல் மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தார். மார்ட்டின் லூதர் கிங் பிறந்த நாளை இல்லினாய் மாநிலத்தில் அரசு விடுமுறையாக்க முன்னின்று உழைத்தார். குறையும் இருந்தது, அதை மறைத்தல் கூடாது. பல ஆண்டுகள் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யாமல் விட்டமைக்காக 1972இல் தண்டனை பெற்றுச் சில வாரங்கள் சிறையில் இருந்தார். எதிரிகள் அதை இறுதிவரை விடவில்லை.

அத்தேர்தலில் பிலாண்டிக் பாதிக்குச் சற்றே மேற்பட்ட வாக்குகளைப் பெற்று வென்றார். ரோமன் புசின்ஸ்கி மூன்றில் ஒரு பங்கு பெற்றார். வாஷிங்டனுக்குக் கிடைத்தவை சுமார் 77 ஆயிரம், அதாவது நூற்றுக்குப் பதினொன்று.

இங்கே என் தொழிலிலிருந்து ஓர் அனுபவத்தைச் சொல்ல அனுமதியுங்கள். தேர்வில் தோற்ற மாணவன் தன் விடைத்தாளைப் பார்க்க விரும்புவதில்லை. மதிப்பெண்ணைக் கேட்டுவிட்டுத் தலைகுனிந்து போய்விடுவான். பெற்றோரும் அவ்வாறே, 'இவனுக்குப் படிப்பு வராது ஐயா' என்று சொல்லிவிட்டு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். அம்மாணவனை உட்கார வைத்து, விடைத்தாளைப் பிரித்து, 'பார், இந்த மூன்று கணக்கை நீ தொடவே இல்லை. தொட்ட கணக்குகளில் நீ தவறவில்லை' என்று காட்டினால், பாதிப் பேர் மறுமுறை தேர்ச்சி பெறுகிறார்கள். 35 ஆண்டுக்குக் கீழ்ப்பட்ட என் ஆசிரிய வாழ்வில் இதனினும் பயன்பட்ட முறை வேறொன்றை நான் கண்டதில்லை. தோல்வி தானாக ஒன்றையும் கற்பிப்பதில்லை. விடைத்தாளைத் திருப்பிப் பார்ப்பவனுக்கே அது ஆசிரியர்.

1977இன் விடைத்தாள் என்ன சொல்லிற்று? தென்பகுதியில் நடுத்தரக் கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்த சில வட்டங்களில் வாஷிங்டன் முதலாவதாக வந்திருந்தார். கட்சியின் சாவடித் தலைவரை அண்டிப் பிழைக்க வேண்டிய தேவை அங்குக் குறைவு. ஏழைகள் வாழ்ந்த வட்டங்களில் வாக்காளர் பெரும்பாலோர் வாக்களிக்க வரவேயில்லை. வந்தவர்களுள் மிகப் பலர் பழைய வழக்கப்படி கட்சி அமைப்பு காட்டிய பெயருக்கே வாக்களித்தனர். பட்டியலில் பெயரே சேராதவர்கள் இன்னும் ஏராளம். தொடாமல் விட்ட கணக்குகள் இவையே.

தோல்விக்குப் பின் வாஷிங்டன் கட்சி அமைப்போடு சமாதானம் பேசிப் பதவி கேட்கவில்லை. இனி அதன் கட்டளைக்குக் கட்டுப்படுவதில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். 1978இல் அவரை மாநில மேலவையிலிருந்து அகற்றக் கட்சியினர் முயன்றனர். மிகச் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் தப்பினார். 1980இல் கட்சி அமைப்பின் ஆதரவு பெற்றிருந்த உறுப்பினரையே முதனிலைத் தேர்தலில் தோற்கடித்து, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குச் சென்றார்.

இதனிடையே 1979இன் தொடக்கத்தில் சிகாகோவைக் கடும் பனிப்புயல் தாக்கியது. தெருக்களில் பனியை அகற்ற முடியவில்லை. நகர இரயில்கள் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளின் நிலையங்களில் நிற்காமலே சென்றன. பனியில் நின்று, தம்மைக் கடந்து செல்லும் இரயிலைப் பார்த்த மக்கள் அதை மறக்கவில்லை. அடுத்த மாதம் நடந்த முதனிலைத் தேர்தலில் பிலாண்டிக்கைத் தோற்கடித்து ஜேன் பேர்ன் என்னும் அம்மையார் மேயரானார். வெல்ல முடியாதது என்று கருதப்பட்ட அமைப்பு தோற்கக்கூடியதே என்பதை ஊரே கண்டது. ஆனால் கறுப்பின மக்கள் தந்த ஆதரவைப் பேர்ன் அம்மையார் காத்துக்கொள்ளவில்லை. அரசுக் குடியிருப்பு வாரியத்தில் இருந்த கறுப்பின உறுப்பினர்களை மாற்றி வெள்ளையரை அமர்த்தியபோது அவர்களின் மனம் முற்றும் முறிந்தது.

1982இல் பலரும் வாஷிங்டனிடம் சென்று மீண்டும் நிற்குமாறு வேண்டினர். அவர் உடனே தலையசைக்கவில்லை. முதலில் புதிதாக 50 ஆயிரம் பேரையாவது வாக்காளர் பட்டியலில் சேர்த்துவிட்டு வாருங்கள் என்றார். ஒருமுறை தோற்று, எங்கே தோற்றோம் என்பதைக் கண்டறிந்தவரின் நிபந்தனை அது.

மக்கள் அந்த வேலையில் இறங்கினர். உதவித்தொகை அலுவலகங்களில் வரிசையில் நின்றவர்களிடம் படிவம் நீட்டப்பட்டது. தேவாலயங்களில், சந்தைகளில், தெரு முனைகளில் பெயர் சேர்க்கப்பட்டது. கறுப்பினத் தொழிலதிபர் ஒருவர் விளம்பரச் செலவை ஏற்றார். வானொலி நிலையம் ஒன்று காலை முதல் இரவு வரை நினைவூட்டியது. புதிதாகப் பெயர் சேர்த்தவர்கள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். கேட்டதைப்போல் இரு மடங்குக்கு மேல் கொண்டுவந்து வைத்தபின் அவரால் மறுக்க இயலவில்லை. நவம்பரில் போட்டியை அறிவித்தார்.

1983 பிப்ரவரி 22ஆம் நாள் முதனிலைத் தேர்தல். மேயர் பேர்ன் ஒருபுறம். மறைந்த டேலியின் மகன் ரிச்சர்ட் எம். டேலி மறுபுறம், வாஷிங்டன் மூன்றாமவர். வாஷிங்டனுக்கு நூற்றுக்கு 36, பேர்னுக்கு 33க்கு மேல், டேலிக்கு ஏறத்தாழ 30. எதிரணி வாக்குகள் இரண்டாகப் பிரிந்ததும் இவ்வெற்றிக்கு ஒரு காரணம். அதை ஒப்புக்கொள்வதால் வெற்றியின் பெருமை குறைந்துவிடாது. 1975லும் 1977லும் எதிரணியில் ஒருவருக்கு மேற்பட்டோர் நின்றனர். ஆனால் அந்த இடைவெளியில் நுழைவதற்கு அன்று வாக்குகள் இல்லை. 1977இல் 77 ஆயிரமாக இருந்தவை இப்போது 4 இலட்சத்து 24 ஆயிரம். கதவு திறக்கும் நேரத்தில் வாசலில் நிற்பவனுக்கே அது பயன்படும்.

முன்பெல்லாம் இத்துடன் தேர்தல் முடிந்திருக்கும். இம்முறை முடியவில்லை. குடியரசுக் கட்சியின் பெர்னார்ட் எப்டன் என்பவருக்கு இதுவரை எவரும் பொருட்படுத்தாத ஆதரவு திடீரெனப் பெருகியது. ஜனநாயகக் கட்சியின் வெள்ளை வட்டத் தலைவர்கள் பலர் தம் கட்சி வேட்பாளரை விட்டு அவர் பக்கம் சாய்ந்தனர். எப்டன் முன்பு இன உரிமைக்கு ஆதரவாக நின்றவர் என்பதே இதில் வருந்தத்தக்க செய்தி. காலம் கடந்துபோகும் முன் தமக்கு வாக்களியுங்கள் என்ற பொருளில் அவர் தரப்பினர் விளம்பரம் செய்தனர். எதற்குக் காலம் கடந்துபோகும் என்பதைச் சொல்லாமலே எல்லாரும் புரிந்துகொண்டனர். மார்ச் 27, குருத்தோலை ஞாயிறன்று, வாஷிங்டனும் முன்னாள் துணைக் குடியரசுத் தலைவர் மாண்டேலும் வடமேற்குப் பகுதியின் தேவாலயம் ஒன்றுக்குச் சென்றபோது, கூட்டம் கூடி அவர்களைத் தூற்றியது.

ஏப்ரல் 12ஆம் நாள் வாக்களிப்பு. வாஷிங்டன் 6,68,176, எப்டன் 6,19,926. வித்தியாசம் 48,250. புதிதாகச் சேர்ந்த பெயர்கள் ஒரு இலட்சத்துக்கு மேல். இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள் என்று மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கறுப்பின வாக்குகள் மட்டும் அவரைக் கரை சேர்க்கவில்லை. ஸ்பானிய மொழி பேசும் மக்களில் பெரும்பாலோரும், வெள்ளையரில் ஒரு சிறு பகுதியினரும் அவருடன் நின்றனர். ஆனால் அந்தப் பட்டியல் வேலை நடந்திராவிட்டால் அவர்களின் துணையும் போதியிருக்காது.

நாற்காலி கிடைத்ததும் தொல்லை தீரவில்லை. 50 உறுப்பினர் கொண்ட மன்றத்தில் 29 பேர் எதிராக நின்றனர். 21 பேரே அவர் பக்கம். மூன்றாண்டு காலம் நியமனங்கள் தடைபட்டன. கறுப்பின மக்களுக்கும் ஸ்பானிய மொழி பேசுவோருக்கும் அநீதியாக வட்டங்கள் பிரிக்கப்பட்டிருந்ததை எதிர்த்து நடந்த வழக்கின் பயனாக, 1986இல் ஏழு வட்டங்களில் சிறப்புத் தேர்தல் நடந்தது. அதன்பின் 25க்கு 25 என்று சமமாகி, மேயரின் வாக்கு தராசைச் சாய்த்தது. கட்சிச் சார்பு பார்த்து நகராட்சி வேலை தரும் வழக்கத்தை நிறுத்தும் நீதிமன்ற உடன்பாட்டில் அவர் 1983லேயே கையெழுத்திட்டிருந்தார். 1987இல் மீண்டும் வென்றார். முதனிலைத் தேர்தலில் பேர்னும் பொதுத் தேர்தலில் மன்ற எதிரணித் தலைவர் எட்வர்ட் வர்டோலியாக்கும் தோற்றனர்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதைத் தேர்ந்திருக்க மாட்டேன். 1987 நவம்பர் 25ஆம் நாள், தம் அலுவலக மேசையில் அமர்ந்திருந்தபோதே மாரடைப்பால் வாஷிங்டன் காலமானார். வயது 65. ஒரு வாரத்தில் மன்றம் கூடியது. வெளியே பெருங்கூட்டம், உள்ளே விடியற்காலை வரை வாதம். வாஷிங்டனின் ஆதரவாளர் இரண்டாகப் பிளந்தனர். டிமதி எவான்சை ஒரு சாரார் விரும்பினர். யூஜீன் சாயரோ, வாஷிங்டனை எதிர்த்துவந்தவர்களின் வாக்குகளையும் சேர்த்துப் பொறுப்பு மேயரானார். இருவரும் கறுப்பினத்தவரே, இருவரும் மறைந்தவரின் தோழர்களே. 1989இல் முதனிலைத் தேர்தலில் சாயர் தோற்றார். பொதுத் தேர்தலில் வாஷிங்டன் பெயரிலேயே அமைந்த கட்சியின் சார்பில் நின்ற எவான்சும் தோற்றார். வென்றவர் யார்? 1983இல் மூன்றாமிடம் பெற்றுத் தோற்ற ரிச்சர்ட் எம். டேலி. அந்த ஆறு ஆண்டுகளில் தம்மை எதிர்த்தோர் பலரைத் தம் பக்கம் சேர்த்துக்கொண்டிருந்தார். 2011 வரை 22 ஆண்டுகள் அவரே மேயர். விடைத்தாளைத் திருப்பிப் பார்க்கும் கலை ஒரு சாராருக்கே சொந்தமானது அன்று என்பதை மறவாதீர்கள்.

தோற்றவர்களின் வரிசை அதன் பின்னும் நீண்டது. 1992இல் இல்லினாயில் வாக்காளர் பதிவு இயக்கம் ஒன்றை நடத்தி, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பட்டியலில் சேர்த்தவர் பராக் ஒபாமா. வாஷிங்டன் மேயராக இருந்த காலத்தில், 1985இல், சிகாகோவுக்கு வேலைக்கு வந்த இளைஞர் அவர். அந்த 1992ஆம் ஆண்டுத் தேர்தலில்தான் கரோல் மோஸ்லி பிரான் அம்மையார் அமெரிக்க மேலவைக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண்மணி ஆனார். அவரே 2011இல் சிகாகோ மேயர் பதவிக்கு நின்று தோற்றார். 1999இல் டேலியை எதிர்த்துத் தோற்றவர் பாபி ரஷ். அடிபட்டவர்தானே என்றெண்ணி, அடுத்த ஆண்டு அவருடைய பிரதிநிதிகள் சபை இடத்துக்குப் போட்டியிட்ட ஒபாமா படுதோல்வி கண்டார். எட்டாண்டுகள் கழித்து அவர் நாட்டின் தலைவரானதை உலகமே அறியும். 2019இல் லோரி லைட்ஃபுட் அம்மையார் சிகாகோ மேயரான முதல் கறுப்பினப் பெண்மணி ஆனார், 2023இல் தோற்றார்.

இவற்றைத் தொகுத்துப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது இதுவே. முதலில் நின்று தோற்றவர்கள் கேள்வியை எழுப்பினார்கள். அடுத்துத் தோற்றவர் கணக்கெடுத்தார். கணக்கெடுத்தவர்களின் உழைப்பால் வெற்றி வந்தது. ஆனால் எல்லாரையும் பிணைத்த கயிறு ஒரு மனிதரின் கையில் மட்டும் இருந்தது. அவர் சாய்ந்த அன்று கயிறும் அவிழ்ந்தது. தோல்வியைத் தாங்கக் கற்ற மக்கள், வெற்றியைத் தாங்கும் ஏற்பாட்டைச் செய்துவைக்கத் தவறிவிட்டனர்.

ஆகவே இளைஞர்களுக்கு இரண்டு வேண்டுகோள். பதினெட்டு வயது நிரம்பியவுடன் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரைப் பாருங்கள். பிறகு உங்கள் தெருவில் யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நீங்களாக இருந்தால், அந்தப் படிவத்தை நிரப்புவது உங்கள் கடமை. படிப்பின் முதல் பயன் மற்றவர்க்காக ஒரு படிவத்தை நிரப்புவதில்தான் தொடங்குகிறது. சங்கப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த 25 ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகள் இடையில் நின்றனர், எந்த வகுப்பில் நின்றனர், எதனால் நின்றனர் என்பதையும் ஒரு பேரேட்டில் எழுதி வையுங்கள். தேர்ச்சி பெற்றவர்களின் பட்டியல் விழா மலருக்கு அழகு. நின்றுபோனவர்களின் பட்டியலே அடுத்த 25 ஆண்டுகளுக்கு வழிகாட்டி. அதை ஒருவர் நினைவில் விட்டுவைக்காமல், யார் பொறுப்புக்கு வந்தாலும் எடுத்துப் படிக்கத்தக்க ஏட்டில் வையுங்கள்.